வாக்கியத்தை முடிங்க, அண்ணா

அத்தியாயம் 14

போன வாரம் குண்டூசியைக் கையில் கைப்பேசியோடு அடுப்படியில் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். அதற்குள் பால் பொங்கி அடுப்பையே அணைத்துவிட்டது. அவள் கவனிக்கவில்லை. அவள் கண் முழுக்கத் திரையில் இருந்த ஒற்றை வரியில் இருந்தது.

அக்கா எழுதியிருந்தாள்: "அப்பாவோட மாத்திரைச் சீட்டை மறக்காம பெட்டியில வச்சிடு."

எந்தப் பெட்டி? அது எங்கே போகிறது?

அந்த வரிக்கு மேலே, குடும்பக் குழுவில் நேற்று சாயங்காலத்திலிருந்து பதினாலு குரல் பதிவுகள் வரிசையாகக் கிடந்தன. அவளைப் பொறுத்தவரை அவை பதினாலு நீலக் கோடுகள். நடுநடுவே யாரோ 'ச' என்று எழுதியிருந்தார்கள். இன்னொருவர் 'ம்' என்று எழுதியிருந்தார். ஒரு கட்டைவிரல் நிமிர்ந்து நின்றது. விருந்து முழுவதும் உள்ளே நடந்து முடிந்து, வாசலில் செருப்புகளை மட்டும் பார்த்ததுபோல் இருந்தது அவளுக்கு.

குண்டூசிக்குக் காது கேட்காது. ஏழு வயதில் வந்த காய்ச்சல் இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பேச்சு மட்டும் மிஞ்சியது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வாள். சின்ன வயதில் தனக்கு வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதி, யார் திரும்பிப் பார்க்கவில்லையோ அவர் சட்டையில் குத்திவிடுவாள். அப்படி வந்த பெயர் இது. இன்று முப்பத்தொன்பது வயதாகியும் போகவில்லை.

அந்த வீட்டில் சுருக்கி எழுதுவது பரம்பரை வியாதி. அப்பா ஒரு பத்திரிகையின் வரி விளம்பரப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் வார்த்தைகளை வெட்டியவர். வீட்டிலும் அதே கத்தரிக்கோல்தான். 'ம.வ.மா.' என்று அலமாரியில் சீட்டு ஒட்டியிருந்தால் மதியம் வரமாட்டார் என்று அர்த்தம். நாலு பிள்ளைகளில் மூன்று பேருக்கு அப்படி. குண்டூசிக்கு மட்டும் அவர் ஒரு நாளும் சுருக்கியதில்லை. "இன்று மதியம் நான் சாப்பிட வரமாட்டேன், நீ எனக்காகக் காத்திருக்காதே." கமா, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் வைத்து முழுசாக எழுதுவார்.

அந்த அப்பாதான் ஐந்து வாரத்துக்கு முன்னால், தனியாக இருந்த தன் வீட்டுக் குளியலறையில் விழுந்து, விடியும்வரை கிடந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. எட்டு நாள் மருத்துவமனை. அதன்பிறகு குண்டூசியின் வீட்டு உள்ளறை. இன்றோடு இருபத்தாறு நாள்.

"ஏங்க, இதுல என்ன இருக்கு?"

கைப்பேசியை நீட்டினாள். டெப்போக்காரர் கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். டெப்போக்காரர் என்றால் அவள் கணவர். பேருந்து டெப்போவில் மெக்கானிக். மாமனாரைப் பார்த்துக்கொள்வதற்காகவே இந்த இருபத்தாறு நாளும் இரண்டாம் ஷிப்ட் வாங்கியிருந்தார்.

"ஒண்ணுமில்ல. சும்மா விசாரிச்சாங்க."

"பதினாலு தடவையா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்ற வீடுகளில் அது சாதாரண விஷயம். இந்த வீட்டில் முகத்தைத் திருப்புவதும் கதவை அறைந்து சாத்துவதும் ஒன்று. சோப்பு நுரையோடு அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள் குண்டூசி.

"எந்தப் பெட்டிங்க?"

டெப்போக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். "சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு உங்க அண்ணன் வண்டி அனுப்பறாரு. அப்பாவை அங்க கூட்டிட்டுப் போறாங்களாம்."

இன்று வியாழன்.

"யார் முடிவு பண்ணினது?"

"எல்லாருமாத்தான்."

"அந்த எல்லாருல நான் இல்லையா?"

குண்டூசி குறிப்பேட்டையும் பேனாவையும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். "ஒவ்வொண்ணாப் போட்டுக் கேட்டு எழுதுங்க. சொன்னது சொன்னபடி."

இருபது நிமிஷம் எழுதினார் மனுஷர். ஒரு பக்கம் முழுக்க ஒரே ஓட்டம். யார் பேச்சு எங்கே முடிகிறது, யார் கேட்டார்கள், யார் பதில் சொன்னார்கள், ஒன்றும் தெரியவில்லை. குண்டூசி பேனாவை வாங்கி அவரையே கேட்டுக் கேட்டுக் கோடு போட்டுப் பிரித்தாள். ஓரத்தில் பெயர் போட்டாள். முடிந்த இடத்தில் புள்ளி, கேட்ட இடத்தில் கேள்விக்குறி. அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது.

"அண்ணனோட ஒன்பதாவது பதிவு ஒரு நிமிஷம் நாப்பது செகண்ட். நீங்க எழுதினது ஒண்ணரை வரி."

டெப்போக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார். நுரை எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.

"மீதியை நான் எழுத மாட்டேன்."

"என்னைப் பத்தியா?"

"உன்னைப் பத்தியும்தான். அவர் வாயால வந்தது, அவர் கையாலயே எழுதட்டும். இத்தனை நாளா நான் நடுவுல நின்னு எல்லாத்துக்கும் சர்க்கரை தடவிக் குடுத்ததே தப்பு."

"எத்தனை நாளா?"

"குழு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து," என்றார், அவள் முகத்தைப் பார்த்தபடியே. அதற்காவது அவரைப் பாராட்ட வேண்டும்.

குண்டூசிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஊர் முழுக்கத் தன்னை ஒதுக்கினாலும் இந்த ஒரு மனுஷர் உள்ளதை உள்ளபடி சொல்வார் என்று நம்பியிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது வெளியாள் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்தான்.

கிளம்பும்போது உள்ளறையை எட்டிப் பார்த்தாள். அப்பா ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட வலது கை மடியில், இடது கை கட்டில் கம்பியில். அந்தக் கம்பியில் ஒரு சிவப்பு பட்டன். உடைப்புக்குப் போன பேருந்திலிருந்து டெப்போக்காரர் கேட்டு வாங்கிவந்த ஸ்டாப் பட்டன் அது. அழுத்தினால் பேருந்து நிற்காது. குண்டூசியின் தலையணைக்கு அடியில் உள்ள சின்ன மோட்டார் அதிரும். பகலில் அதையே எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள்.

அப்பா அவளைப் பார்த்துச் சிரித்தார். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள்.

*

கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவளுக்கென்று ஒரு மேஜை, ஒரு வெட்டும் இயந்திரம். வட்ட லென்ஸை ஃப்ரேமின் உருவத்துக்கு வெட்டி விளிம்பு தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. மற்றவர்கள் இயந்திரத்தின் சத்தத்தை வைத்துத் தப்பு கண்டுபிடிப்பார்கள். அவள் அதன் மேல்மூடியில் உள்ளங்கையை வைத்திருப்பாள். கடையிலேயே கழிவு குறைவான மேஜை அவளுடையது.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கண் பரிசோதிப்பவர் சீட்டில் சுருக்கி எழுதலாம். 'வ' என்றால் வலது, 'இ' என்றால் இடது. ஆனால் எந்தெந்தச் சுருக்கம் செல்லும் என்று சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறது. பட்டியலில் இல்லாதது செல்லாது. வெட்டுவதற்கு முன்னால் வெட்டுகிற ஆள் அந்தச் சீட்டைப் பச்சை அட்டையில் முழு வார்த்தைகளில் திருப்பி எழுதிக் கொடுக்க வேண்டும். கவுண்டரில் இருப்பவர் படித்துப் பார்த்து, 'இதுதான்' என்று கையெழுத்துப் போட்ட பிறகே இயந்திரம் ஓடும். வெட்டின லென்ஸை ஒட்ட முடியாதே!

அன்று வந்த சீட்டின் அடியில் 'மு.போ.' என்று கிறுக்கியிருந்தது. சுவரில் அப்படி ஒன்று இல்லை. சீட்டைத் திருப்பி அனுப்பினாள்.

கவுண்டர் அம்மா சீட்டோடு உள்ளே வந்து நின்றார். கோபம் வந்தால் அவர் உதடு வேகமாக ஓடும். குண்டூசிக்கு அதுவும் பழக்கம்.

"கஸ்டமர் பன்னெண்டு மணிக்கு வர்றார்மா. முன்னாடி போட்ட மாதிரின்னுதான் இருக்கும். வெட்டிடேன்."

"இருக்கும்னு வெட்ட மாட்டேன். கேட்டு எழுதி வாங்கிட்டு வாங்க."

"உன்னோட பெரிய ரோதனை."

போனவர் பத்து நிமிஷத்தில் திரும்பிவந்தார். கொஞ்சம் அசடு வழிந்தது. முன்னால் போட்ட மாதிரியும் இல்லை, ஒன்றும் இல்லை. முன்பணம் போக மீதியை, கண்ணாடி வாங்க வரும்போது கட்டுவதாகச் சொன்னாராம் கஸ்டமர். பரிசோதிப்பவர் தன் ஞாபகத்துக்குக் குறித்துக்கொண்டது சீட்டிலேயே வந்துவிட்டது.

குண்டூசி பச்சை அட்டையை எடுத்தாள். எழுதப்போன கை பாதியில் நின்றது.

ஒரு ஜோடிக் கண்ணுக்கு இத்தனை பத்திரம். ஒரு மனுஷரை வண்டியில் ஏற்றுவதற்கு 'ச' என்ற ஓரெழுத்து போதுமாமே!

பதினோரு மணி இடைவேளையில் பின்படியில் உட்கார்ந்து எழுதினாள். இரண்டு தடவை அழித்து, மூன்றாவது தடவை அனுப்பினாள்.

"எல்லாருக்கும். சனிக்கிழமை வண்டி விஷயம் இன்னிக்குக் காலையிலதான் எனக்குத் தெரியும். அப்பா என் வீட்ல இருக்கார், அதனால மறுபடி பேசணும். இன்னிக்கு மூணு மணியிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும். குரல் பதிவு வேண்டாம், எழுதுங்க. ஓரெழுத்துல பதில் வேண்டாம். கேள்வின்னா கேள்விக்குறி போடுங்க. பேச்சு முடிஞ்சா முற்றுப்புள்ளி வைங்க. ஒருத்தருக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி அவர் சொன்னதை உங்க வார்த்தையில எழுதி, 'இதுதானே?'ன்னு கேளுங்க. அவர் ஆமான்னதும் உங்க பதிலை எழுதுங்க."

பெரியண்ணனிடமிருந்து உடனே பதில் வந்தது. நீலக் கோடு. இருபத்திரண்டு செகண்ட்.

பெரியண்ணன் ஏழு மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு பெரிய கிடங்குக்கு மேலாளர். நாள் முழுக்க நூறு பேருக்குக் குரல் கொடுத்தே வேலை வாங்குகிறவர். அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான்.

"அண்ணா, எனக்கு ஒரு கோடும் 22ங்கற நம்பரும்தான் தெரியுது," என்று எழுதினாள்.

இன்னொரு கோடு வந்தது. அவள் அதே வரியில் நம்பரை மட்டும் மாற்றித் திரும்ப அனுப்பினாள். மூன்றாவது கோடு, மூன்றாவது தடவை அதே வரி.

"வேலைல இருக்கேன்…" என்று கடைசியில் எழுத்து வந்தது.

"சரி அண்ணா. மூணு மணிக்கு."

அக்காவிடமிருந்து வழக்கம்போல 'ச'.

"அக்கா, 'ச'ன்னா சரியா, சம்மதமா, சனியனேவா?"

கண்ணில் நீர் வரச் சிரிக்கும் முகம் ஒன்று வந்தது. அதற்குக் கீழே: "சரி. மூணு மணிக்கு எழுதறேன்."

*

ஒன்றரைக்கு அவள் வீடு வந்ததும் டெப்போக்காரர் கிளம்பினார். வாசலில் நின்று, "திட்டணும்னா இப்பவே திட்டிடு. ராத்திரி வரைக்கும் வச்சிருக்காதே," என்றார்.

"திட்டறதுக்கு நேரமில்ல. வேலை இருக்கு."

அவர் தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

மூன்று மணிக்கு மேஜைமேல் கைப்பேசியை நிறுத்திவைத்து எதிரே உட்கார்ந்தாள். உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. அப்பாவும் அந்தக் குழுவில் இருக்கிறார்தான். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன்னால் கடைக்குட்டித் தம்பிக்கும் பெரியண்ணனுக்கும் சண்டை முற்றிப்போய், தம்பி குழுவிலிருந்து வெளியேறிய நாளிலிருந்து அப்பா அதில் ஓர் எழுத்துகூட எழுதியதில்லை. படிப்பார், அவ்வளவுதான்.

மூன்று ஐந்துக்கு அண்ணன் வந்தார். "உனக்கு எதுக்கு சிரமம்னுதான்…"

"எனக்குச் சிரமம், அதனால அப்பாவைக் கூட்டிட்டுப் போறீங்க. இதுதானே?"

"அதுவும்தான்… வேற விஷயமும் இருக்கு… உனக்கே தெரியும்!!"

"தெரியாது அண்ணா."

"இவ்ளோ கட்டளை போட்டா எப்படிப் பேசறது? இது வீடா கோர்ட்டா?"

கேள்விக்குறி போட்டிருந்தார். குண்டூசிக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. கோபத்தில்கூட மனுஷர் பழகிக்கொண்டிருக்கிறார்!

"முப்பத்திரண்டு வருஷமா உங்க எல்லார் உதட்டையும் பார்த்துப் படிச்சிட்டு வர்றேன். நீங்க மீசை வச்சப்பவும் படிச்சேன். ரெண்டு மணி நேரம் நீங்க எனக்காக எழுதக் கூடாதா?"

திரையில் 'பெரியண்ணன் எழுதுகிறார்' என்று வந்தது. போனது. மறுபடி வந்தது.

"அப்பா ராத்திரி கூப்பிட்டா…"

அண்ணனுடைய புள்ளிகள் எப்போதும் எறும்பு வரிசை போல வரும். சொல்ல வந்ததை அந்த எறும்புகள் தூக்கிக்கொண்டு போய்விடும். படிக்கிறவர்கள் மீதியைத் தங்களுக்குள்ளேயே சொல்லிக்கொள்ள வேண்டும். சொன்ன பழி அவருக்கு வராது.

குண்டூசியால் அந்த மீதியை நிரப்ப முடியாதா என்ன? காலையிலிருந்தே நிரப்பிவைத்திருக்கிறாள். ஆனால் அவள் நிரப்பினால் அது அவள் வார்த்தையாகிவிடும். பதிலும் அவளுக்கு அவளே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும்.

"வாக்கியத்தை முடிங்க, அண்ணா."

"உனக்கே புரியும்…"

"புரியாது. முடிச்சிட்டு முற்றுப்புள்ளி வைங்க. அப்பதான் பதில் எழுதுவேன்."

எழுதுகிறார். நிறுத்தினார். எழுதுகிறார். நிறுத்தினார். கடிகாரத்தில் பத்து நிமிஷம் ஓடியது. அக்கா நடுவில் புகுந்தாள்.

"விடேன்டி. அண்ணன் பாவம்டி."

"நானும் பாவம்தான் அக்கா. அவர் முடிக்கட்டும்."

இன்னும் பத்து நிமிஷம். குண்டூசி எழுந்து தண்ணீர் குடித்தாள். மேஜையைத் துடைத்தாள். துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள். எவ்வளவு கேவலமாக வந்தாலும் படிப்பது என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

மூன்று ஐம்பதுக்கு வந்தது.

"அப்பா ராத்திரி கூப்பிட்டா உனக்குக் கேக்காது. விழுந்து கிடந்தா காலையிலதான் தெரியும். அதான் என் பயம். ஆனா அன்னிக்கு ராத்திரி அப்பா விழுந்தப்போ எனக்குத்தான் மூணு தடவை ஃபோன் பண்ணினார். ஃபோன் என் பக்கத்துலதான் இருந்துச்சு. மணி அடிச்சது எனக்குக் கேட்டுச்சு. காலையில பேசிக்கலாம்னு திரும்பிப் படுத்துட்டேன். காது கேக்கற நானே எடுக்கல. கேக்காத உன்கிட்ட எப்படி விட்டுட்டு இருக்கறது? நேத்து எல்லாருக்கும் பேசி அனுப்பினேன். உனக்கு எழுத மட்டும் கை வரல."

முதல் வரி கன்னத்தில் அறைந்த மாதிரி விழுந்தது. அதை எதிர்பார்த்துத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்பாராதது மீதிதான். டெப்போக்காரர் ஏன் பேனாவைக் கீழே வைத்தார் என்று இப்போது புரிந்தது. அண்ணன்மேல் கோபம் பொங்கியது. அந்தக் கோபத்துக்கு உள்ளேயே, ஏழு மணி நேரத் தொலைவில் கைப்பேசியை வெறித்தபடி உட்கார்ந்திருக்கும் அந்தக் கனத்த மனுஷர்மேல் இரக்கமும் வந்தது. அப்பா அந்த இருட்டில் மூன்று தடவை இடது கையால் எண்ணைத் தேடி அழுத்தியிருக்கிறார்.

ஆனால் அழுதால் திரை தெரியாது. எழுத வேண்டிய நேரம் இது.

"நீங்க சொன்னதை எழுதறேன். எனக்குக் கேக்காதுங்கறது உங்க பயம். அன்னிக்கு எடுக்காம விட்டது உங்க வலி. ரெண்டையும் ஒண்ணாக் கட்டி அப்பாவை வண்டியில ஏத்தறீங்க. இதுதானே?"

ஐந்து நிமிஷம்.

"ஆமாம்."

எறும்பு ஒன்றுகூட இல்லை.

"இப்ப என் பதில். அப்பா கட்டில்ல ஒரு பட்டன் இருக்கு. அழுத்தினா என் தலையணை அதிரும். இருபத்தாறு ராத்திரியில நாலு தடவை அழுத்தினார். நாலு தடவையும் நான் போனேன். ஒரு தடவை போர்வை கீழ விழுந்துச்சுன்னு கூப்பிட்டார். அதுக்கும் போனேன்."

"கரண்ட் போனா?"

"பேட்டரி இருக்கு. உங்க மாப்பிள்ளை பஸ் பேட்டரியவே வைக்கறேன்னார். கட்டில் தாங்காதுன்னு நான்தான் தடுத்தேன்."

"பட்டன் எட்டாத இடத்துல விழுந்தா?"

நல்ல கேள்விதான். குண்டூசிக்கு முதல்முறையாக அண்ணனோடு பேசுகிறோம் என்று தோன்றியது.

"குளியலறையில தரைக்குப் பக்கத்துல இன்னொண்ணு வச்சிருக்கு. வெராண்டாவுல இல்ல. ஞாயித்துக்கிழமைக்குள்ள வைக்கச் சொல்றேன்."

"பகல்ல யார் இருப்பா?"

இங்கேதான் அவள் விரல் நின்றது. மழுப்பலாம். 'பார்த்துக்கறேன்' என்று எழுதிவிட்டால் போதும், யாரும் தோண்டப்போவதில்லை. ஆனால் காலையிலிருந்து ஊரையே முழு வாக்கியம் எழுதச் சொன்னவள் அவள்.

"திங்கட்கிழமையிலேர்ந்து அவருக்குக் காலை ஷிப்ட். ஒன்பதுலேர்ந்து ஒண்ணரை வரைக்கும் வீட்ல யாரும் இல்ல. அதுக்கு என்கிட்ட இன்னும் வழி இல்ல."

தோற்றுவிட்டோமோ என்று நினைத்தாள். அப்போது அக்கா எழுதினாள்.

"அந்த நேரத்துக்கு நான் வர்றேன். திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும், ஒன்பது மணிக்கு வந்து ஒண்ணரைக்குக் கிளம்புவேன். சனி, ஞாயிறு வர முடியாது. என் வீட்லயும் வேலை இருக்கு. போதுமாடி?"

இருபது வருஷமாக 'ச' என்ற ஓரெழுத்தில் குடும்பம் நடத்திய அக்கா கமாவெல்லாம் வைத்திருந்தாள். அப்பா பெண்ணல்லவா!

"போதும் அக்கா," என்று எழுதினாள் குண்டூசி. அதற்குமேல் எழுதக் கண் தெரியவில்லை.

அண்ணன் கேட்டார்: "அப்பா என்ன சொல்றார்?"

குண்டூசிக்குச் சுருக்கென்றது. என்னைக் கேட்காமல் எப்படி முடிவு செய்யலாம் என்று காலையிலிருந்து வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசினாளே, அவள் அப்பாவைக் கேட்டாளா? அந்த உள்ளறை வாசலை இன்று ஆறு தடவையாவது கடந்து போயிருப்பாள். ஒரு தடவைகூட உள்ளே போய், 'நீங்க எங்க இருக்கணும்னு நினைக்கறீங்க?' என்று கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"நானும் கேக்கல, அண்ணா," என்று எழுதினாள். எழுந்திருக்கப் போனாள்.

திரையில் ஒரு வரி வந்தது. அப்பா எழுதுகிறார்.

அவள் மெல்லப் போய்க் கதவிடுக்கில் நின்றாள். அப்பா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கைப்பேசியைத் தலையணைமேல் சாய்த்து, இடது கை ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாகக் குத்திக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பரீட்சை எழுதும் பிள்ளை போலத் திரையைக் கையால் மறைத்தார். போ என்று தலையாட்டினார். அவள் திரும்பிவந்து உட்கார்ந்தாள்.

பதினோரு நிமிஷம். ஏழு மணி நேரத் தொலைவில் ஒருவரும், நகரத்தின் மறுகோடியில் ஒருத்தியும், டெப்போவில் கிரீஸ் கையோடு ஒருவரும், சுவருக்கு இந்தப் பக்கம் அவளும் காத்திருந்தார்கள்.

"பெரியவனே, நீ அன்றைக்குத் தொலைபேசியை எடுக்காததில் எனக்குக் கோபம் இல்லை, அதை உன் தங்கைக்கு மட்டும் சொல்லாமல் வைத்திருந்ததில்தான் கோபம். இன்று சொல்லிவிட்டாய், அதுவும் தீர்ந்தது. நான் குண்டூசியின் வீட்டில் இருக்கிறேன். கூப்பிட்டால் அவள் வருகிறாள்."

ஒவ்வொரு புள்ளியும் அதனதன் இடத்தில் இருந்தது. குண்டூசி அதை இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை படிக்கும்போது மேஜையில் தலையை வைத்துக்கொண்டு, காலையிலிருந்து தள்ளிப்போட்ட அழுகையை அழுதாள். அவளுக்கே அது எவ்வளவு சத்தமாக இருந்தது என்று தெரியாது.

நிமிர்ந்தபோது இன்னொரு செய்தி வந்திருந்தது.

"சனிக்கிழமை வண்டியை நிறுத்திவிடு. ஆனால் அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு இங்கே வேறொரு வண்டி வரும். அதில் கடைக்குட்டி வருகிறான். நான்தான் வரச் சொன்னேன். பெரியவனே, நீயும் வந்து சேர்."

குண்டூசி சட்டென்று உள்ளறைப் பக்கம் திரும்பினாள். ஓர் எழுத்தும் எழுதாமல் மூன்று வருஷம் உட்கார்ந்திருந்த மனுஷர் எப்போது, எப்படி அவனைப் பிடித்தார்?

திரையில், 'பெரியண்ணன் குரல் பதிவு செய்கிறார்' என்று வந்தது.

நாலு செகண்ட். ஐந்து. அது அழிந்தது.

பெரியண்ணன் எழுதுகிறார்.

அப்போது அவள் இடுப்பில் மோட்டார் அதிர்ந்தது. அப்பா பட்டனை அழுத்தியிருந்தார். குண்டூசி முகத்தைத் துடைத்துக்கொண்டு, கைப்பேசியை மேஜைமேலேயே விட்டுவிட்டு எழுந்து போனாள். அண்ணன் நிதானமாக எழுதி முடிக்கட்டும்.